டிராக்டர் ரேடியேட்டரை நாமே மாற்றும்போது கூலன்ட்டை வடித்தலும் நிரப்புதலும்



டிராக்டருக்கு டீசல் ஊற்ற மறந்தவர் யாருமில்லை. என்ஜின் ஆயிலையும் குச்சியை உருவிப் பார்த்து, அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிடுகிறோம். ஆனால் முகப்பில் இருக்கும் ரேடியேட்டரில் என்ன இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று கேட்டால், "தண்ணீர்தான், குறைந்தால் ஊற்றுவோம்" என்பதே பெரும்பாலோர் கூறும் விடையாகும். ஓட்டை விழுந்தால் ஈயப்பற்று வைத்து ஓட்டுவது, பற்றும் தாங்காத நிலை வந்தால் புதிய ரேடியேட்டர் வாங்கி மாட்டுவது என்பது நம் ஊர் வழக்கம். மாட்டுவது கடினமான வேலை அன்று. நான்கைந்து போல்ட்டுகள், இரண்டு ரப்பர் குழாய்கள், அவற்றுக்கு நான்கு கிளிப்புகள். ஸ்பானர் பிடித்துப் பழகிய எவரும் அரை நாளில் முடித்துவிடலாம். உள்ளே இருப்பதை முறையாக வடிப்பதும், புதியதைக் காற்று தங்காமல் நிரப்புவதுமே கவனம் தேவைப்படும் வேலைகளாகும்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன், உழவியல் கற்பிப்பவன். இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தவறு செய்து, அதற்கு விலை கொடுத்த தகுதி ஒன்றுதான்.

என் தந்தையாரின் டிராக்டருக்கு நேர்ந்தது

2021-ஆம் ஆண்டு சம்பாப் பருவத்தில், காவிரிக் கடைமடையில் உள்ள எங்கள் ஊருக்கு விடுமுறையில் சென்றிருந்தேன். எங்கள் 45 குதிரைத்திறன் டிராக்டரின் ரேடியேட்டர், அடித்தொட்டியில் கசிந்துகொண்டிருந்தது. நாற்றங்காலில் நாற்று தயாராகிக்கொண்டிருந்த நேரம். மெக்கானிக் வருவதற்கு மூன்று நாள் ஆகும் என்றார். புதிய ரேடியேட்டரையும், கலந்தே விற்கப்படும் கூலன்ட் பத்து லிட்டர் கேன் ஒன்றையும் வாங்கி வந்து நானே மாற்றினேன். பழைய நீர் முழுவதையும் ரேடியேட்டரிலிருந்தும் என்ஜின் பிளாக்கிலிருந்தும் தரையிலேயே ஓடவிட்டேன். பிறகு புதியதை மளமளவென்று ஊற்றினேன். கழுத்து வரை வந்தவுடன் மூடியை மூடிவிட்டேன். கேனில் மூன்றரை லிட்டர் மிச்சமிருந்தது. காசு மிச்சம் என்று மகிழ்ந்தேன். அந்த மூன்றரை லிட்டர்தான் என்னைப் பார்த்து எச்சரிக்கை செய்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவுக்கு டிராக்டரை இறக்கினோம். சேற்றுழவில் என்ஜின் முழுச்சுமையில் இயங்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து இழுவை குறைந்தது. பானட்டின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பியது. அந்த நேரத்திலும் வெப்பமானியின் முள் பச்சைக் கோட்டைத் தாண்டவில்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. லேத் பட்டறையில் ஹெட்டைச் சமப்படுத்தி, கேஸ்கட் மாற்றி, டிராக்டர் மீண்டும் வயலில் இறங்கப் பதினோரு நாட்கள் ஆயின. நாற்றின் வயதை மாதத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கிடுவது நம் வழக்கம். 135 நாள் ரகத்திற்கு ஒரு மாத நாற்று சரியானது. எங்கள் நாற்று நாற்பது நாளைத் தாண்டிக் கணுவிடத் தொடங்கியிருந்தது. முதிர்ந்த நாற்றில் தூர் குறையும் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அதை என் தந்தையாரின் வயலிலேயே நிரூபித்துக் காட்டினேன்.

நடந்தது இதுதான். அவசரமாக ஊற்றியதால் என்ஜினுக்குள் இருந்த காற்று வெளியேற வழியின்றி, ஹெட்டின் மேற்பகுதியில் மூன்றரை லிட்டர் அளவுக்குத் தங்கிவிட்டது. இரும்பை நீர் தொட்டால்தான் வெப்பம் கடத்தப்படும். காற்று தொட்டால் கடத்தப்படாது. வெப்பத்தை அறியும் சென்சாரும் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். காற்றில் தொங்கும் சென்சார், இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள்ளைப் பச்சையிலேயே நிறுத்தி வைக்கும். ஆகவே, நீங்கள் இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும், வடிந்தது எத்தனை லிட்டர், ஊற்றியது எத்தனை லிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்வதை மட்டும் மறக்க வேண்டாம்.

தண்ணீரா, கூலன்ட்டா?

நம் நாட்டில் உறைபனி கிடையாதே, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளைத் தவிர்த்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதே. ஆனால் உறைவதைத் தடுப்பது கூலன்ட்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே.

கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மமும், துருவைத் தடுக்கும் சில வேதிப்பொருள்களும் சேர்ந்ததாகும். நமக்கு வேண்டியது அந்தத் துருத்தடுப்பான்களே. வார்ப்பிரும்பு, அலுமினியம், தாமிரம், ஈயப்பற்று என்று நான்கு உலோகங்கள் ஒரே நீரில் நனையும் இடம் என்ஜின். பாதுகாப்பு இல்லாத நீரில் இவற்றுள் ஏதேனும் ஒன்று அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். டீசல் என்ஜின்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனரின் வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடையும். ஒவ்வொரு உடைப்பும் ஓர் ஊசிக்குத்து. நாளடைவில் லைனர் அம்மைத் தழும்பு விழுந்தது போலாகி, இறுதியில் துளை விழுந்து நீர் ஆயிலுக்குள் புகுந்துவிடும். லைனரின் வெளிப்புறம் நேரடியாக நீரில் நனையும் என்ஜின்களில் இது அதிகம். டீசல் என்ஜினுக்கென்று தயாரிக்கப்படும் கூலன்ட்டில் இதைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகையால் கேனின் மேல் டீசல் என்ஜினுக்கு உரியதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி நீரைப் பற்றி. சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும் அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரிலும் படிகிறது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் சூடேறும்போது அவை கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பாறை போல ஒட்டிக்கொள்கின்றன. வெந்நீர் அண்டாவின் அடியில் நீங்கள் பார்ப்பதும் இதுவே. ரேடியேட்டரின் குழல்களோ மிகக் குறுகலானவை. அதில் மெல்லிய ஏடு படிந்தாலும் வெப்பம் வெளியேறுவது தடைப்படும். கேன் கேனாக விலை கொடுத்து வாங்கிய கூலன்ட்டை ஆழ்துளை நீரில் கலப்பது, சான்று பெற்ற விதையை வாங்கி உவர் நிலத்தில் விதைப்பது போன்றதாகும்.

பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் அல்லது தாது நீக்கப்பட்ட நீரே கலப்பதற்கு ஏற்றது. அது கிடைக்காவிடில், முதல் மழையை ஓடவிட்டு அடுத்த மழையில் தூய்மையான கூரையிலிருந்து பிடித்து, துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம்.

கூலன்ட் நல்லதென்று அதையே தனியாக ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரை விஞ்சியது இல்லை. கிளைக்கால், எடைக்கு எடை, தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் சுமக்கும். பாதிக்குப் பாதி, அல்லது கையேட்டில் சொல்லப்பட்ட வீதத்தில் கலந்தால்தான் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

நிறத்தைக் கண்டு கூலன்ட்டை இனம் காண வேண்டாம். பச்சை என்றால் ஒரு வகை, சிவப்பு என்றால் ஒரு வகை என்று கடைகளில் சொல்வார்கள். நிறம் கம்பெனி சேர்க்கும் சாயம். அதற்குப் பொதுவான விதி ஏதும் இல்லை. இரு வேறு வகைகளைக் கலந்தால் துருத்தடுப்புத் தன்மை குன்றும். சில கலவைகள் கூழ் போல் உறைந்து குழல்களை அடைப்பதும் உண்டு.

வடித்தல்

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். மாலையில் நிறுத்தி மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குவது மிகவும் நல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் கை தானாகவே பின்வாங்கும். மூடியின் மேல் 0.9 என்று எண் இருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அந்த அளவு அழுத்தத்தை அது உள்ளே தாங்கிப் பிடிக்கிறது என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. உள்ளே 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் நீர், மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் இழந்து, ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் பாய்கிறது. துணியைப் போட்டுத் திறந்தாலும் ஆபத்து ஆபத்தே.

நன்கு ஆறியபின் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வையுங்கள். ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிதிருகைத் திறந்து வடியவிடுங்கள். திருகு இல்லாத மாதிரிகளில் கீழ் ரப்பர் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது ஒரேயடியாகக் கொட்டும்; கையையும் தொட்டியையும் ஏற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு வடிதிருகு அல்லது பிளக் இருக்கும். அதையும் திறந்தால்தான் பிளாக்கில் உள்ள அழுக்கு நீர் வெளிவரும். பல ஆண்டுகள் திறக்காத பிளக் துருவேறி இறுகியிருக்கும். திறந்தாலும் சேறு அடைத்துக்கொண்டு நீர் வராது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் வரும். எவ்வளவு முயன்றும் பிளக் அசையவில்லை என்றால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். உடைந்தால் செலவு பெரிது. உள்ளே எவ்வளவு நீர் தங்கியது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். அக்கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

வடிந்ததை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது எடுத்துப் பார்ப்பதும் நல்லது. காவி நிறமாக இருந்தால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால், ரேடியேட்டரை மாற்றுவதோடு உங்கள் வேலை முடியாது. கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கழற்றுதல், கழுவுதல், மாட்டுதல்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, பானட்டையும் முகப்புக் கம்பி வலையையும் எடுங்கள். மேல், கீழ் ரப்பர் குழாய்களின் கிளிப்புகளைத் தளர்த்துங்கள். பழைய ரப்பர் குழாய் ஒட்டிக்கொண்டு வராவிடில், அதை இழுத்து ரேடியேட்டரின் கழுத்தையோ வாட்டர் பம்பின் கழுத்தையோ உடைத்துவிடாமல், பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடுங்கள். ரேடியேட்டர் மாற்றும்போது ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் புதிதாகப் போடுவது சிக்கனமே. விசிறிக் கூட்டைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளி, தாங்கு போல்ட்டுகளைக் கழற்றி, இருவராகச் சேர்ந்து ரேடியேட்டரை நேராக மேலே தூக்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் மெத்தைகளைத் தொலைத்துவிடாதீர்கள். அவை இல்லாமல் மாட்டினால் வயல் அதிர்வு முழுவதும் புதிய ரேடியேட்டரின் மேல் இறங்கும். ஓராண்டில் மீண்டும் கசியும்.

புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுசென்று அருகருகே வைத்துப் பாருங்கள். வெளி அளவு ஒன்றாக இருந்தும் குழல் வரிசை குறைந்தவை மலிவாகக் கிடைக்கின்றன. டிரெய்லருக்குப் போதும், சேற்றுழவுக்கும் ரோட்டவேட்டருக்கும் போதாது.

புதியதை மாட்டுவதற்கு முன் என்ஜினைக் கழுவிவிட வேண்டும். இல்லையேல் பிளாக்கில் இருக்கும் துருவெல்லாம் புது ரேடியேட்டரின் குழலில்தான் போய் அடையும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேல் குழாய் வழியாகத் தோட்டத்து ஹோஸை வைத்து மெதுவாக நீரைச் செலுத்தினால், கீழ் வழியாகவும் பிளாக் பிளக் வழியாகவும் அழுக்கு வெளிவரும். தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். கடைசியாக இரண்டு மூன்று லிட்டர் நல்ல நீரை ஊற்றி அலசிவிடுங்கள். சலவைச் சோடா, புளிக்கரைசல், கழிவறை ஆசிட் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சோடா அலுமினியத்தைத் தின்னும். ஆசிட் எல்லாவற்றையும் தின்னும். இவை வேண்டாம்.

எடுத்த தெர்மோஸ்டாட்டை அப்போதே சோதித்துவிடலாம். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் நீரை வைத்து, அதில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். சுமார் 80 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கி, நீர் கொதிப்பதற்குள் முழுவதும் திறந்தால் அது நல்லது. தெர்மோஸ்டாட் இல்லாமலேயே ஓட்டினால் சூடே ஏறாது என்று அதைத் தூக்கி எறிபவர்கள் நம்மில் பலர் உண்டு. உரிய வெப்பத்தை அடையாத என்ஜின் டீசலை அதிகம் குடிக்கும். சிலிண்டரும் விரைவில் தேயும்.

கலவைக் கணக்கு

எல்லாவற்றையும் மாட்டியபின், கூலன்ட்டை உடனே ஊற்ற வேண்டாம். முதலில் நல்ல நீரை மட்டும் நிரப்பி, பத்து நிமிடம் இயக்கி, கிளிப்புகளிலும் இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்தால் நீரோடு போகட்டும். பிறகு ஆறவிட்டு, வடிந்த நீரை அளந்தபடி வடித்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். உங்கள் டிராக்டரின் மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். (நடுத்தர டிராக்டர்களில் 8 முதல் 12 லிட்டர் வரை இருக்கும், சரியான அளவு கையேட்டில் உண்டு.) பிளாக் பிளக் திறக்கவில்லை, வடிந்தது 6½ லிட்டர். அப்படியானால் உள்ளே 3½ லிட்டர் வெறும் நீர் நிற்கிறது. இந்த நிலையில், பாதிக்குப் பாதி கலந்து விற்கப்படும் கூலன்ட்டை 6½ லிட்டர் ஊற்றினால், அதில் கிளைக்கால் 3¼ லிட்டர்தான். மொத்தம் 10 லிட்டரில் 3¼ லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பாதிக்குப் பாதி ஊற்றியதாக நீங்கள் எண்ணியிருப்பீர்கள். உள்ளே அது இல்லை.

ஆகவே, கலக்காத கெட்டிக் கூலன்ட்டை வாங்குவதே நல்லது. கையேடு பாதி கேட்டால், முதலில் கெட்டிக் கூலன்ட் 5 லிட்டரை ஊற்றிவிட்டு, மீதமுள்ள 1½ லிட்டர் இடத்தை வடிநீரால் நிரப்புங்கள். உள்ளே நின்ற 3½ லிட்டரும் இந்த 1½ லிட்டரும் சேர்ந்து நீர் 5 லிட்டர் ஆகிவிடும். மருந்துத் தெளிப்பில் ஏக்கருக்கு எத்தனை டாங்கு, டாங்குக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போடும் உங்களுக்கு இது பெரிய கணக்கு அன்று.

நிரப்புதல்

என்ஜினின் எல்லாப் பகுதிகளையும்விட ரேடியேட்டரின் வாய் உயரத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரங்களைச் சிறு மேட்டில் ஏற்றி நிறுத்தினால் காற்று வாயை நோக்கித் தானே ஏறி வரும். ஊற்றுவதை மெதுவாகச் செய்யுங்கள். ஒரு லிட்டர் ஊற்றியபின் இரண்டு நிமிடம் பொறுங்கள். மேல் ரப்பர் குழாயைக் கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள், குமிழிகள் வரும். பானையில் நீர் மொள்ளும்போது குடத்தின் வாய் 'களக் களக்' என்று காற்றை விடுகிறதே, அதே செயல்தான் இங்கும் நிகழ்கிறது. அவசரப்பட்டால் காற்றுக்கு வழி இல்லை. சில மாதிரிகளில் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காற்று நீக்கும் சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி வைத்து, குமிழி இல்லாமல் நீர் வந்தவுடன் இறுக்கிவிடுங்கள்.

கழுத்து வரை வந்தபின் மூடியைப் போடாமலேயே என்ஜினைக் கிளப்பி, மெதுவான ஓட்டத்தில் விடுங்கள். ஆக்சிலேட்டரைக் கூட்ட வேண்டாம். கூலன்ட் பொங்கி வெளியே வரும். ரேடியேட்டரின் வாய்க்கு நேரே முகத்தையும் காட்ட வேண்டாம். விசிறியின் அருகே வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை கூடவே கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல் குழாய் திடீரென்று சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அடைபட்டிருந்த காற்று அப்போதுதான் வெளிவரும். நீர்மட்டமும் சட்டென்று இறங்கும். இறங்கிய அளவுக்கு, அதே வீதத்தில் கலந்த கூலன்ட்டைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குமிழிகள் நின்று மட்டமும் நிலைத்தபின், சேமிப்பு டப்பா உள்ள டிராக்டரில் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். டப்பாவிலும் குறைந்த அளவுக் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் ஊற்றுங்கள். டப்பா இல்லாத பழைய மாதிரிகளில் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூட வேண்டும். நீர் சூட்டில் விரிவதற்கு அந்த இடம் தேவை.

குமிழிகள் அரை மணி நேரத்துக்கு மேலும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது தங்கிய காற்று அன்று. ஹெட் கேஸ்கட் வழியாகப் புகைக்காற்று நீருக்குள் புகுகிறது என்று ஐயப்பட வேண்டும்.

இப்போது குறிப்பேட்டைப் பாருங்கள். உள்ளே நின்றதும் நீங்கள் ஊற்றியதும் சேர்ந்து கையேட்டின் கொள்ளளவுக்கு ஏறக்குறைய வர வேண்டும். கால் லிட்டர், அரை லிட்டர் வேறுபாடு பரவாயில்லை. இரண்டு லிட்டர் குறைந்தால், கணக்கு சரியாகும்வரை ஏரைத் தொட வேண்டாம்.

கார் வைத்திருப்போருக்கு

கார்களிலும் முறை இதுவே; வேறுபாடுகள் சில. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவிலேயே அழுத்த மூடி இருக்கும் கார்களில், டப்பாவும் சூட்டில் திறக்கக் கூடாததே. விசிறி மின்சாரத்தில் ஓடுவதால், என்ஜின் நின்றபின்னும் திடீரென்று சுற்றலாம்; பேட்டரி ஒயரைக் கழற்றாமல் கையை விடாதீர்கள். வடிக்கும்போதும் நிரப்பும்போதும் ஹீட்டர் குமிழை முழுச்சூட்டில் வையுங்கள். ஹீட்டர் குழல்களிலும் காற்று தங்கும். விசிறி ஒரு முறை ஓடி நிற்கும்வரை என்ஜினை இயக்கிப் பார்ப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சில கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய்களும் ரேடியேட்டரோடு இணைந்திருக்கும். அப்படி இருந்தால் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே மேல். அலுமினியக் குழல்களும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள ரேடியேட்டரில் திருகுகளை விரலின் பலத்துக்கு மேல் இறுக்க வேண்டாம்.

வடித்ததை என்ன செய்வது?

அன்று நான் தரையில் ஓடவிட்டேன் என்று சொன்னேன். அது இரண்டாவது தவறு. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சும் கூட. நாய், பூனை, கோழி, கன்று எதுவும் அதை நக்கிப் பார்க்கும். உடலுக்குள் சென்றபின் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். நேப்பியர் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அதையே தொடர்ந்து போடாதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இங்கே அதே பொருள் பன்மடங்காக உடலுக்குள்ளேயே உருவாகிறது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. கூலன்ட்டைக் குளிர்பானப் பாட்டிலிலோ குடிநீர்க் கேனிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். யாரேனும் குடித்துவிட்டால், முதலில் மது அருந்தியவர் போல் தள்ளாடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சிறுநீரகம் கெடுவது ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும். அறிகுறிக்காகக் காத்திராமல், கேனையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கால்நடைக்கு நேர்ந்தாலும் தாமதம் கூடாது.

கிளைக்கால் மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சில நாட்கள் அல்லது வாரங்களில் சிதைத்துவிடும். ஆனால் பழைய கூலன்ட்டில் ரேடியேட்டரிலிருந்து கரைந்த ஈயமும் தாமிரமும் இருக்கும், அவை சிதையா. ஆகவே வாய்க்காலிலும் குளத்திலும் கிணற்றருகிலும் ஊற்றக் கூடாது. மூடியுள்ள பழைய ஆயில் கேனில் சேர்த்து, மேலே பெரிய எழுத்தில் 'நஞ்சு' என்று எழுதி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள். தரையில் சிந்தியதன் மேல் உமியையோ மணலையோ போட்டு உறிஞ்சவிட்டு, வாரி எடுத்துவிடுங்கள். அதுவரை மாட்டைப் பக்கத்தில் கட்ட வேண்டாம்.

மாற்றியபின் ஒரு வாரம்

மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சற்றுக் குறைந்திருந்தால் இயல்பே, நிரப்புங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பாருங்கள். ரப்பர் படிந்து கிளிப்புகள் தளரும். இரண்டாம் நாள் ஒரு முறை இறுக்குங்கள். ஆறிய பிறகு மேல் ரப்பர் குழாய் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், மூடியின் அடியில் உள்ள சிறு வால்வு வேலை செய்யவில்லை என்று பொருள். மூடியை அதே எண் உள்ள வேறொன்றாக மாற்றுங்கள். முதல் வாரத்தில் சேற்றுழவு தவிர்க்க முடியாததாக இருந்தால், அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி, முள்ளை மட்டும் நம்பாமல், ஆவி வருகிறதா, சூட்டு வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். ஒருவேளை கொதித்துவிட்டால், சுமையை எடுத்துவிட்டு நிறுத்துங்கள்; வாய்க்கால் நீரை அள்ளி ஊற்றினால் சூட்டில் இருக்கும் ஹெட் விரிசல் விடும்.

கதிரடிப்பு முடிந்தபின் ரேடியேட்டரின் இதழ்களுக்கு இடையில் சண்டும் தூசும் அடைந்திருக்கும். விசிறிப் பக்கத்திலிருந்து முகப்பை நோக்கி, மெல்லிய நீர்வீச்சால் கழுவுங்கள். வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

கூலன்ட் ஊற்றிய தேதி, வகை, கலவை வீதம், ஊற்றிய லிட்டர் ஆகிய நான்கையும் பானட்டின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் டிராக்டரில் என் தந்தையார் எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாவதாக, யார் ஊற்றியது என்றும்.